காலாவதியாக வேண்டிய அனுமதி

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வரும் கூட்டம் பெரும்பாலும் தேக்கா பக்கம் திரும்பிவிடும். ஹாம்ப்ஷயர் சாலையில் இருக்கும் பழைய கட்டடங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. இன்று அவை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம். 1997இல் இடம் மாறும்வரை அங்கே இயங்கியது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. சிங்கப்பூர்க்காரர்கள் வாயில் கேகே. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூறுக்கும் மேல். அந்த எண்ணிக்கைக்காகவே கின்னஸ் புத்தகத்தில் ஏறியது மருத்துவமனை. இன்று அறுபதை எட்டிக்கொண்டிருக்கும் தமிழரோ சீனரோ மலாய்க்காரரோ, உள்ளூரில் பிறந்தவர் என்றால் பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் இந்த முகவரிதான் இருக்கும்.

பிறப்பு என்று பதிவேட்டில் எழுதுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே ஒரு செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகி, எண்ணி மாளாத அளவுக்குப் பெருகிவிட்டிருக்கும். பிறந்த பின்னும் அந்தப் பெருக்கம் ஓய்வதில்லை. ஒவ்வொரு நொடியும் நம் எலும்பு மஜ்ஜை ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை ஆக்கித் தள்ளுகிறது. எப்போது பிரிவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்க செல்லுக்குள் தனியாக ஒரு மூளை கிடையாது. இருப்பவை கைனேஸ் என்னும் புரதங்கள்.

கைனேஸ் செய்கிற வேலையைச் சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஏடிபி என்கிற எரிபொருள் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் சற்று மாறும். உறங்கியது விழிக்கும், அல்லது விழித்திருந்தது அடங்கும். ஒட்டியதைப் பிய்த்தெடுக்க வேறு நொதிகள் உண்டு. சியாட்டிலில் தசையை ஆராய்ந்துகொண்டிருந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950களில் இதைக் கண்டார்கள். நோபல் பரிசு வர 1992 ஆகிவிட்டது. ஏதோ தசைக்குள் நடக்கும் சில்லறைக் காரியம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள் போலும். 2002இல் மனித மரபணுத் தொகுதியைச் சலித்து எடுத்தபோது 518 கைனேஸ்கள் கிடைத்தன. செல் பிரிவதில் இவற்றின் கைபடாத கட்டம் ஒன்றுகூட இல்லை.

ஹாம்ப்ஷயர் சாலைக் கட்டடத்தின் இன்றைய வேலையை நினைத்தால் ஓர் ஒப்புமை தானாக வந்து விழுகிறது. இந்தத் தீவில் கார் வாங்கக் காசு மட்டும் போதாது, சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழும் வேண்டும். 1990இல் வந்த ஏற்பாடு. ஏலம் கேட்டு எடுக்க வேண்டும், பத்தாண்டில் காலாவதியாகும், புதுப்பிக்காவிட்டால் வண்டி சாலையில் ஓடக்கூடாது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் பூஜ்யம். ஒன்று போனால்தான் ஒன்று வரலாம் என்பதே அடிப்படை விதி. வளர்ந்து முடிந்த உடலின் திசுக்களும் கிட்டத்தட்ட இந்தப் பூஜ்யக் கணக்கில்தான் ஓடுகின்றன. சிஓஇ விலையைத் திட்டாத சிங்கப்பூர்க்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் உயிர் விலையில் இல்லை, காலாவதியில் இருக்கிறது. காலாவதியே ஆகாத சான்றிதழ்களை அள்ளிக் கொடுத்துவிட்டு ஏலத்தை எவ்வளவு கடுமையாக நடத்தினாலும் சாலை ஒருநாள் அடைபட்டுவிடும்.

செல்லிலும் கண்டுபிடிப்பு அந்த முனையிலிருந்துதான் வந்தது. 1982 கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வகத்தில் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். மற்றப் புரதங்களெல்லாம் சேர்ந்துகொண்டே போக, ஒன்று மட்டும் சேர்ந்து சேர்ந்து, முட்டை பிரியும் சமயம் பார்த்துக் காணாமல் போனது. மறுபடி சேர்ந்தது, மறுபடி காணாமல் போனது. அதற்கு சைக்ளின் என்று பெயரிட்டார். சைக்ளின் வந்து பற்றிக்கொண்டால்தான் பிரிவுக்கான கைனேஸ் விழிக்கும். சைக்ளின் சிதைந்தால் அது அடங்கும். அந்தக் கைனேஸ்களுக்கே சிடிகே, சைக்ளினைச் சார்ந்த கைனேஸ் என்று பெயர் வந்துவிட்டது. பால் நர்ஸ் இதே பொறியை ஈஸ்ட்டில் கண்டிருந்தார். 1987இல் அவரும் மெலனி லீயும் மனித மரபணுத் துண்டுகளை ஈஸ்ட்டுக்குள் செலுத்தி, பழுதான ஈஸ்ட் கைனேஸின் வேலையை மனிதக் கைனேஸே பார்த்துவிடுவதைக் காட்டினார்கள். நமக்கும் கள்ளைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிருக்கும் மூதாதை பிரிந்து நூறு கோடி ஆண்டுகள் இருக்கும். ஆனாலும் பிரிவதற்கான உத்தரவு ஒன்றே.

சிங்கப்பூர் இந்தக் கதைக்குள் வருவது 1985இல், மூலக்கூறு, செல் உயிரியல் கழகம் தொடங்கப்பட்டபோது. மரபணு அறிவியலின் முன்னோடி சிட்னி பிரென்னரின் ஆலோசனை அதன் பின்னால் இருந்தது. புவன விஸ்தா பக்கத்தில் பயாப்பொலிஸ் ஆய்வு வளாகம் எழுந்தது 2003இல். கழகம் இன்று அங்கே ப்ரோட்டியோஸ் என்ற கட்டடத்தில் இருக்கிறது. வியன்னாவில் கிம் நாஸ்மித்தின் ஆய்வகத்தில் ஈஸ்ட்டோடு காலம் கழித்துவிட்டு இங்கே வந்தவர் உத்தம் சுரானா. அவரும் நாஸ்மித் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஒரு கட்டுரையை இத்துறையினர் இன்றும் சுட்டுவதுண்டு. பிரிவுக் கைனேஸின் சைக்ளின் சிதையாதபடி செய்துவிட்டால் என்ன ஆகும்? குரோமோசோம்கள் ஒழுங்காகவே இரண்டு பக்கமும் பிரிந்து போகின்றன. ஆனால் செல் அதற்குமேல் நகர்வதில்லை. முடிக்கத் தெரியாமல் நின்றுவிடுகிறது. தொடங்க கைனேஸ் வேண்டும், முடிக்க அது அழிய வேண்டும்.

இதைப் படித்த பிறகு புற்றுநோயைப் பற்றிய போர்மொழி எனக்கு ஒட்டாமல் போய்விட்டது. இரங்கல் செய்திகளில் எல்லாரும் போராடி மறைகிறார்கள். எதிரி எல்லை தாண்டி வந்தவன் என்றால் அந்த மொழி பொருந்தும். இங்கே வந்தவர் யாரும் இல்லை. நம்மைக் கருவிலிருந்து ஆளாக்கிய அதே உத்தரவு, அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் போனது, அவ்வளவுதான்.

2012இல் ப்ரோட்டியோஸ் ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்த முடிவு இதை இன்னும் சிக்கலாக்கியது. பிலிப் கால்டிஸ் குழு எலிகளில் சிடிகே1 என்னும் தலையாய பிரிவுக் கைனேஸின் மரபணுவை நீக்கிப் பார்த்தது. உடல் முழுக்க நீக்கினால் கரு தொடக்கத்திலேயே அழிந்துவிடும். எனவே கல்லீரலில் மட்டும் நீக்கினார்கள். பிறகு அந்த ஈரலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். வெட்டினால் வளர்ந்துகொள்ளும் உறுப்பு ஈரல். செல்கள் பிரிந்து பெருகித்தான் அது வளரும் என்று பாடநூல்கள் சொல்லும். பிரிய முடியாத செல்களைக் கொண்ட அந்த ஈரலும் வளர்ந்தது. செல்கள் பெருகவில்லை, பெருத்தன. ஒவ்வொன்றும் தன் டிஎன்ஏவைப் பிரிக்காமலே மேலும் மேலும் படியெடுத்துக்கொண்டு ஊதிப் பெரிதாகி, வெட்டுப்பட்ட இடத்தை நிரப்பியது. வளர்ச்சியும் பெருக்கமும் ஒன்றல்ல என்று எவ்வளவோ பேர் எவ்வளவோ துறைகளில் சொல்லியிருக்கிறார்கள். ஓர் எலியின் ஈரல் சொன்ன அளவுக்கு யாரும் சுருக்கமாகச் சொன்னதில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. புற்றுநோயைத் தூண்டும் ராஸ் மரபணுவை முடுக்கி, காவல் நிற்கும் பி53ஐ அடக்கி, ஈரலில் கட்டி வரவைக்கப் பார்த்தார்கள். சிடிகே1 இல்லாத ஈரலில் கட்டி வரவே இல்லை.

அப்படியானால் சிடிகே1ஐ அடக்கும் மாத்திரை போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஈரல் தாங்கும். மஜ்ஜை தாங்காது, குடல் தாங்காது. நாள்தோறும் பிரிந்தாக வேண்டிய செல்கள் உடலெங்கும் இருக்கின்றன. இதை நம் பக்கத்துக் காட்டு மரம் ஒன்று முன்பே கற்பித்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த ரோஹிடுகைன் என்ற பொருளைப் பின்பற்றி, மும்பையில் ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வகம் உருவாக்கிய மருந்து ஃப்ளேவோபிரிடால். மனிதரில் சோதிக்கப்பட்ட முதல் சிடிகே தடுப்பான் அது. பல சிடிகேக்களை ஒருசேர அடித்தது. நோயாளிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுத்தது. புழக்கத்துக்கு வராமலே போனது.

ஆக, மருந்து தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி 'எது குற்றவாளி?' அல்ல, 'எது இல்லாமல் நாம் சமாளிக்க முடியும்?' என்பதுதான். 2003இல் சிடிகே2 இல்லாத எலிகளை இரண்டு குழுக்கள் தனித்தனியாக உருவாக்கியபோது அவை மலடாயின, மற்றபடி நன்றாகவே வாழ்ந்தன. மிக முக்கியம் என்று எல்லாரும் சத்தியம் செய்திருந்த கைனேஸ் அது. சிடிகே4, சிடிகே6 இரண்டும் அப்படி ஓரளவு விட்டுக்கொடுக்கக்கூடியவை என்று தெரிந்தது. 2015இல் மார்பகப் புற்றுநோய்க்கு பால்போசிக்ளிப் வந்தது அந்த இடைவெளி வழியாக. வெள்ளணுக்கள் குறையும், ஆனால் தாங்கலாம்.

சிங்கப்பூரிலேயே பிறந்த கைனேஸ் மருந்து ஒன்று உண்டு. பெரும்பாலான சிங்கப்பூர்க்காரர்களுக்கு அதன் பெயர் தெரியாது. 2000இல் அரசின் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் கைரான் நிறுவனமும் சேர்ந்து எஸ்*பயோ என்ற நிறுவனத்தைத் தொடங்கின. 2005இல் ஜாக்2 என்ற கைனேஸின் 617ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப்போவது பல ரத்த நோய்களின் வேர் என்று தெரியவந்தது. மாறிய ஜாக்2க்கு வெளியிலிருந்து உத்தரவு தேவையில்லை. மஜ்ஜையைத் தானே ஏவிக்கொண்டிருக்கும். எஸ்*பயோவின் வேதியியலாளர்கள் ஏடிபி வந்து அமரும் அதன் குழியில் போய் உட்கார, வளையம்போல் மூடிய ஒரு மூலக்கூறைச் செய்தார்கள். பாக்ரிட்டினிப். 518 கைனேஸ்களுக்கும் ஏடிபி குழி ஏறக்குறைய ஒரே அச்சு. ஒன்றில் மட்டும் உட்காரும் பொருளைச் செய்யவே முடியாது என்று ஒரு காலத்தில் மருந்து நிறுவனங்கள் கைவிட்டிருந்த வேலை இது. 2012இல் மருந்து சியாட்டிலைச் சேர்ந்த நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2016இல் அமெரிக்க மருந்து ஆணையம் சோதனைகளை நிறுத்தியது, ஓராண்டு கழித்துத் தடையை விலக்கியது. 2022 பிப்ரவரியில், மஜ்ஜை நாராக இறுகித் தட்டணுக்கள் மிகவும் குறைந்துபோன நோயாளிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்தச் சியாட்டில் நிறுவனத்தை ஒரு சுவீடன் நிறுவனம் 170 கோடி டாலருக்கு வாங்கியது. சிங்கப்பூரில் அப்போது பெரிய பேச்சொன்றும் எழுந்ததாக நினைவில்லை. நாம் விதைத்துக் காத்திருக்கும் ஜாதி அல்ல, நாற்றாக விற்கும் ஜாதி என்று நண்பர் ஒருவர் சொன்னார். கொஞ்சம் கடுமைதான்.

ஆனால் இந்நகரத்து ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது மருந்து அல்ல, ஒரு மருந்து ஏன் சிலருக்கு வேலை செய்யவில்லை என்பதற்குக் கிடைத்த விடை. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், சுருக்கமாக சிஎம்எல், ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. மாறி ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்ற அடங்காத கைனேஸ் பிறக்கிறது. 2001இல் வந்த இமாட்டினிப் அதன் குழியை அடைத்தது. சில ஆண்டுகளில் முடித்துவிடும் நோய், மாத்திரை போட்டுக்கொண்டு முழு ஆயுளும் வாழ்கிற நோயாக மாறியது. ஆனாலும் சிலருக்குப் பலிக்கவில்லை. அவர்களில் பலருடைய கைனேஸில் புதிய பிறழ்வு எதுவும் இல்லை. மாத்திரை போகிறது, குழி அடைபடுகிறது, கைனேஸ் வாயடைத்துப் போகிறது. செல் மட்டும் சாகவில்லை.

2012 மார்ச்சில் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி, சிங்கப்பூர் மரபணுத் தொகுதிக் கழகம், சிங்கப்பூர் பொது மருத்துவமனை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் காரணத்தை வெளியிட்டார்கள். பிம் என்றொரு புரதம் உண்டு. உத்தரவு நின்றுபோன செல்லில் பிம் ஏறும். ஏறி, அந்தச் செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளச் செய்யும். சிலருடைய பிம் மரபணுவில் 2,903 எழுத்துகள் பிறவியிலேயே இல்லை. அதனால் கொல்லும் பகுதி இல்லாத பிம்தான் அவர்களிடம் அதிகம் உருவாகிறது. கிழக்காசியர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரளவில் இந்தக் குறை இருந்தது. ஆய்வில் பார்த்த ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் இல்லை. இதே குறையோடு நுரையீரல் புற்றுநோய் வந்து, இஜிஎஃப்ஆர் கைனேஸைத் தடுக்கும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் பலன் பாதி காலமே நீடித்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடிப்படைச் செய்தி மாறவில்லை. கைனேஸ் மருந்து எதையும் கொல்வதில்லை. உத்தரவை நிறுத்துகிறது. சாவது செல்லின் சொந்தக் காரியம். அதற்கான ஏற்பாடு அந்தச் செல்லிடம் முன்பே இருந்தாக வேண்டும். நாம் வெற்றி என்று பேர் வைத்திருப்பது பெரும்பாலும், போகச் சொன்னால் போகத் தெரிந்த செல்களின் ஒழுங்கு. இப்படிப்பட்ட வேறுபாட்டைப் பெரும்பாலும் ஐரோப்பியரிடமே சோதித்திருந்தால் கண்டிருக்க முடியாது. சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் ஒரே மருத்துவமனை வரிசையில் நிற்கும் ஊரில் அந்தக் கேள்வி இயல்பாக எழுந்தது. இஜிஎஃப்ஆர் பிறழ்வு நுரையீரல் நோயாளிகளில் கிழக்காசியரிடம் மிக அதிகம், ஐரோப்பியரிடம் குறைவு, இந்தியர் இடையில். மருத்துவர் இனம் பார்க்கலாமா என்ற பழைய தயக்கத்துக்கு இங்கே மரபணுப் பரிசோதனை விடை சொல்லிவிட்டது: முகத்தைப் பார்க்காதே, கட்டியைப் பார். 2009இல் வெளியான ஐபாஸ் சோதனையில், சிங்கப்பூர் நோயாளிகளும் அதில் உண்டு, பிறழ்வு இருந்தவர்களுக்கு கெஃபிட்டினிப் மாத்திரை கீமோதெரபியை விஞ்சியது. பிறழ்வு இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரை கீமோவைவிட மோசம்.

அணைக்க வேண்டிய உத்தரவை நாள்தோறும் அணைக்க வேண்டும் என்பதால் இவை நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகள். அப்போது கேள்வி உயிரியலிலிருந்து பணத்துக்கு நகர்கிறது. இங்கே சென்னை வருகிறது. 1998இல் நோவார்ட்டிஸ் இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் மறுத்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம், பலன் கூடினால் ஒழியப் புதுக் கண்டுபிடிப்பாகாது என்கிற, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று முடித்துவைத்தது. நோவார்ட்டிஸின் மருந்து அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 8,000. உலகம் முழுக்க எழுதித் தள்ளப்பட்ட வழக்கின் முதல் 'முடியாது' ஒரு சென்னை அலுவலரின் மேசையில் எழுதப்பட்டது.

ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலையை நிரப்பும் தொழிலாளர்களில் ஒருவருக்கு சிஎம்எல் வந்தால் என்ன ஆகும்? அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். 2022 செப்டம்பரிலிருந்து அதுவும் பட்டியலிட்ட புற்றுநோய் மருந்துகளுக்கே. வேலை அனுமதியில் இருப்பவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி 2023 ஜூலையில் ஆண்டுக்கு 60,000 வெள்ளியாக உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் அது மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்குமான குறைந்தபட்சம். இமாட்டினிப் எடுப்பவர் தங்குவதில்லை, அறுக்கப்படுவதில்லை. காலையில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு வேலைக்குப் போவார். மருந்து இவ்வளவு எளிதாக இருப்பதே அதைக் காப்புறுதிக்கு வெளியே தள்ளிவிடுகிறது. பட்டுக்கோட்டைக்கோ சிவகங்கைக்கோ திரும்பினால் மாத்திரை கைக்கெட்டும், வேலை போய்விடும்.

ஆயுள் முழுக்க விழுங்கத்தான் வேண்டுமா என்று பிரான்சில் கேட்டுப் பார்த்தார்கள். நெடுநாள் இமாட்டினிப் எடுத்து, பரிசோதனையில் நோயின் சுவடே தென்படாத நூறு பேரிடம் மாத்திரையை நிறுத்தினார்கள். 2010இல் முடிவு வந்தது. ஓராண்டு கழித்துச் சுமார் 40 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் மாத்திரையைத் தொடங்கியதும் பெரும்பாலும் மறுபடி அடங்கியது. சிஎம்எல்லின் மூலச் செல்கள் உயிர்வாழ பிசிஆர்-ஏபிஎல்லை நம்பியிருக்கவில்லை என்று அடுத்த ஆண்டே வேறொரு ஆய்வு காட்டியது. அப்படியென்றால் மருந்து நின்ற பிறகும் நன்றாக இருக்கும் அந்த நாற்பது விழுக்காட்டினரின் மஜ்ஜையில் சில செல்கள் அடங்காத கைனேஸை வைத்துக்கொண்டே சும்மா இருக்கக்கூடும். அவற்றைச் சும்மா இருக்கச் சொல்வது எது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.